ரோம் விடுதியிலிருந்து சிவிதாவெக்கியா துறைமுகத்துக்குத் தனி வாகனம்: 2025 ஏப்ரல் 26 பயணம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

தூத்துக்குடியைச் சேர்ந்த ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று, 2025 ஏப்ரல் 26 சனிக்கிழமை மாலை இத்தாலியின் சிவிதாவெக்கியா துறைமுகத்திலிருந்து புறப்படும் ஏழு இரவுக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்திருந்தது. கணவன், மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், கணவரின் 78 வயதுத் தாயார் ஆகியோர் பயணிகள். தாயாருக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. வீட்டுக்குள் ஊன்றுகோலுடன் நடப்பார். வெளியில் சற்றுத் தொலைவு போக வேண்டுமென்றால் மடக்கும் சக்கர நாற்காலி தேவைப்படும். பயண ஏற்பாடுகளைத் தமிழ்நாட்டிலிருந்து நான் கவனித்தேன். குடும்பத்தின் அனுமதியுடன், அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை விலக்கி இதைப் பதிவு செய்கிறேன்.

ரோமில் மூன்று இரவுகள் தங்குவதற்கு அவர்கள் தேர்ந்த விடுதி எஸ்குலின் குன்றின் மேல், புனித மேரி மேஜர் பெருங்கோவிலிலிருந்து சில நிமிட நடையில் இருந்தது. தேர்வு தாயாருடையது. தூத்துக்குடிப் பனிமய மாதா பேராலயமும் ரோமின் இந்தப் பெருங்கோவிலும் ஒரே பெயரின் இரு கிளைகள்; கோடைக்காலத்தில் எஸ்குலின் குன்றில் பனி பொழிந்ததாகச் சொல்லும் மரபிலிருந்து வந்ததே பனிமய மாதா என்ற பெயர், இரண்டுக்கும் திருநாள் ஆகஸ்ட் 5. அதோடு 2025 யூபிலி ஆண்டு, அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் புனித ஆண்டு. யூபிலி ஆண்டில் மட்டும் திறக்கப்படும் அந்தப் பெருங்கோவிலின் புனிதக் கதவு ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டிருந்தது. அதன் வழியாக நடந்து செல்ல வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தில் தாயார் கேட்ட ஒரே பொருள். கப்பல் பயணம் பிள்ளைகளுக்காகச் சேர்க்கப்பட்டது.

ரோம் நகரமும் அதன் கப்பல் துறைமுகமும் ஒரே இடத்தில் இல்லை என்பதை முதன்முறை போகிறவர்கள் பலர் கவனிப்பதில்லை. கப்பல் நிறுவனங்களின் விளம்பரத்தில் ரோம் என்றே போட்டிருந்தாலும், சிவிதாவெக்கியா வடமேற்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில், பேரரசர் திராயான் காலத்தில் அமைக்கப்பட்ட பழைய துறைமுக நகரம். நகர மையத்திலிருந்து தனி வாகனத்தில் போக, வழக்கமான நாளில் ஒன்றே கால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். ரயிலும் உண்டு; ஆனால் சக்கர நாற்காலி, ஐந்து பெரிய பெட்டிகள், நான்கு கைப்பைகள் என்ற சுமையுடன் ரயில் ஏறி இறங்கி, பிறகு நிலையத்திலிருந்து துறைமுகப் பேருந்து நிறுத்தம்வரை போய், அங்கிருந்து கப்பல் முனையத்துக்குப் பேருந்து பிடிப்பது அவர்களுக்குப் பொருந்தாது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தோம்.

ஜனவரியில் ஓர் இணைய முன்பதிவுத் தளத்தின் வழியாக எட்டு இருக்கை வேன் ஒன்று பதிவு செய்யப்பட்டது. விடுதி வாசலில் காலை 10.30க்கு ஏற்றிக்கொள்வது, நண்பகல் வாக்கில் துறைமுகம் சேர்வது, கட்டணம் 185 யூரோ, புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கு முன்வரை கட்டணமின்றி ரத்து செய்யலாம், வாகனம் காத்திருக்கும் நேரம் 15 நிமிடம். கப்பலில் இவர்களுக்கு ஒதுக்கப்பட்ட செக்-இன் நேரம் பகல் 12.30. மாலை 4.30க்கு முனையத்தில் பதிவு நிறுத்தப்படும். 6 மணிக்குக் கப்பல் புறப்படும்.

அந்த 4.30 என்ற நேரத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னர் எடுத்த எல்லா முடிவுகளும் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டவை. விமானம் போலவே கப்பலிலும் பயணிகள் பட்டியல் புறப்பாட்டுக்கு முன் முடிக்கப்பட வேண்டும். அதற்கு மேல், ஆபத்துக்காலப் பயிற்சியும் நடந்தாக வேண்டும். 2012 ஜனவரி 13 அன்று கோஸ்தா கொன்கோர்தியா என்ற கப்பல் இதே சிவிதாவெக்கியாவிலிருந்து கிளம்பிச் சில மணி நேரத்தில் ஜீலியோ தீவருகே பாறையில் மோதி, 32 பேர் இறந்தார்கள். அன்று சிவிதாவெக்கியாவில் ஏறியிருந்த பல நூறு பேருக்கு அதுவரை அந்தப் பயிற்சி தரப்பட்டிருக்கவில்லை. அதன் பிறகு சர்வதேச விதி மாற்றப்பட்டது. 2015 முதல், கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே புதிய பயணிகள் அனைவருக்கும் பயிற்சி நடந்தாக வேண்டும். எனவே பதிவு நிறுத்தும் நேரத்தைக் கெஞ்சித் தளர்த்தக்கூடிய ஒன்றாக எண்ணித் திட்டமிடுவது தவறு. மேலும் இந்தக் கப்பல் அடுத்த நாள் முழுவதும் கடலில் இருக்கும். முதல் நிறுத்தம் திங்கட்கிழமை ஒரு கிரேக்கத் தீவில். தவறவிட்டால் ஐந்து பேரும் தங்கள் செலவில் விமானம் மாறி அந்தத் தீவுக்குப் போக வேண்டும். சொந்தமாக ஏற்பாடு செய்த வாகனம் தாமதமானால் கப்பல் நிறுவனம் அதற்குப் பொறுப்பேற்காது.

ஏப்ரல் 21, 22: நிலைமை மாறியது

ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த நாள் காலை, திருத்தந்தை பிரான்சிஸ் இறைபதம் சேர்ந்தார். அன்று மாலையே அவருடைய உயில் வெளியிடப்பட்டது. வத்திக்கானில் அல்லாமல் புனித மேரி மேஜர் பெருங்கோவிலில் தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்று அதில் அவர் எழுதியிருந்தார். மறுநாள் அடக்கத் திருப்பலியின் நாளும் நேரமும் அறிவிக்கப்பட்டன: ஏப்ரல் 26 சனிக்கிழமை, காலை 10 மணி, புனித பேதுரு சதுக்கம்.

குடும்பம் செவ்வாய்க்கிழமை இரவு சென்னையிலிருந்து விமானம் ஏறவிருந்தது. அவர்களுக்கு இது முதலில் துக்கச் செய்தி. அதற்குப் பிறகே பயணச் செய்தி. தாயார் திங்கட்கிழமை முழுவதும் செபமாலையுடன் தொலைக்காட்சி முன் இருந்தார் என்று மகன் சொன்னார். ஆனால் என் கண்ணில் பட்டது வேறு. வாகனம் வந்து ஏற்றிக்கொள்ள வேண்டிய அதே நாளில், ஏறத்தாழ அதே நேரத்தில், உலகத் தலைவர்கள் கலந்துகொள்ளும் ஓர் இறுதி ஊர்வலம் இவர்கள் விடுதியிருக்கும் பகுதியில் வந்து முடியப்போகிறது.

ரோமின் வரைபடத்தை வைத்துப் பார்த்தபோது சிக்கல் எங்கே இருக்கிறது என்பது தெளிவானது. பொதுவாகத் துறைமுகப் பயணம் என்றால் எல்லோரும் நெடுஞ்சாலையைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். நெரிசல் இருக்குமா, எவ்வளவு நேரம் ஆகும் என்றே கேட்பார்கள். இங்கே 80 கி.மீ. சாலையில் பெரிய இடையூறு எதுவும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. விடுதி வாசலிலிருந்து முதல் ஒரு கிலோமீட்டர்தான் முழுச் சிக்கலும். அந்த வாசலுக்கு வேன் வர முடியாவிட்டால், மற்ற எல்லா ஏற்பாடும் காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

முன்பதிவுத் தளத்தின் முதல் பதில்

செவ்வாய்க்கிழமை மாலை தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதி மூன்று கேள்விகள் கேட்டேன்: சனிக்கிழமை அந்தத் தெருவுக்கு வாகனம் வர முடியுமா, வர முடியாவிட்டால் எங்கே நிற்கும், புறப்பாட்டை அதிகாலைக்கு மாற்ற முடியுமா. உங்கள் பதிவு உறுதி செய்யப்பட்டுள்ளது, ஓட்டுநர் விவரம் புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கு முன் அனுப்பப்படும் என்று பதில் வந்தது. மறுபடி எழுதியபோதும் அதே சொற்களே வந்தன.

அந்தத் தளத்திடம் வாகனம் எதுவும் இல்லை. பதிவை வாங்கி, பயணத்துக்கு முந்தைய நாள் உள்ளூர் நிறுவனம் ஒன்றுக்கு ஒப்படைப்பதே அதன் வேலை. சாதாரண நாளில் இதனால் கெடுதல் இல்லை, கட்டணமும் குறைவாகக் கிடைக்கும். ஆனால் நம் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே மனிதர், அதாவது அந்தத் தெருக்களில் அன்று வண்டி ஓட்டப்போகிறவர், வெள்ளிக்கிழமை காலைவரை யாரென்றே தெரியாது. அந்த வெள்ளிக்கிழமையோ ஏப்ரல் 25, இத்தாலியின் விடுதலை நாள், பொது விடுமுறை. கட்டணமின்றி ரத்து செய்யும் உரிமையும் அன்று காலையே முடிந்துவிடும். ஓட்டுநர் யார் என்று தெரியவரும் நேரமும் விலகும் வாய்ப்பு பறிபோகும் நேரமும் ஒன்றாகவே இருந்தன.

எடுத்துப் பார்த்த வழிகள்

புதன்கிழமை, குடும்பம் விமானத்தில் இருந்தபோது, மாற்று வழிகளை ஒவ்வொன்றாக எழுதி எடைபோட்டேன்.

10.30 புறப்பாட்டை அப்படியே விட்டுவிடுவது முதலில் விலக்கப்பட்டது. திருப்பலி 10 மணிக்குத் தொடங்கினால் நண்பகலுக்கு மேல் முடியும். அதன் பிறகு உடல் ஏறத்தாழ 6 கி.மீ. நகரின் ஊடாகக் கொண்டுவரப்படும். 10.30க்கு எஸ்குலின் குன்றின் தெருக்கள் மூடியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

எல்லாம் முடிந்த பின், பிற்பகல் 2 மணிக்கு மேல் கிளம்புவது மகனுக்குப் பிடித்திருந்தது, ஏனெனில் தாயார் ஊர்வலத்தைச் சாலையோரம் நின்று பார்க்க விரும்பினார். கணக்குப்படி அது முடியாததும் அல்ல: 2 மணிக்குப் புறப்பட்டால் 3.30க்குத் துறைமுகம், கையில் ஒரு மணி நேரம் மீதி. ஆனால் தடுப்புகள் எப்போது அகற்றப்படும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. இதைவிட முக்கியமான குறை, முதல் ஏற்பாடு தவறினால் இரண்டாவதை முயல நேரமே இல்லாமல் போவது. ரயிலை மாற்றாக வைத்தால், விடுதியிலிருந்து ரோமின் முதன்மை ரயில் நிலையமான தெர்மினி, ரயில், துறைமுகப் பேருந்து, முனையம் என்று இந்தக் குடும்பத்துக்கு இரண்டரை மணி நேரமாவது வேண்டும். 4.30லிருந்து அதைக் கழித்தால் பிற்பகல் 2. ஆக, வேன் வரவில்லை என்பது 2 மணிக்கு முன்பே தெரிந்தாக வேண்டும். 2 மணிக்குக் கிளம்பும் திட்டத்தில் அது தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

ரயிலையே முதன்மை வழியாக்கலாமா என்றும் பார்த்தேன். தெர்மினியிலிருந்து சிவிதாவெக்கியா செல்லும் வட்டார ரயில்கள் வத்திக்கானுக்கு மிக அருகிலுள்ள சான் பியேத்ரோ நிலையத்தின் வழியாகத்தான் போகின்றன. சனிக்கிழமை காலை அந்த ரயில்களில் கூட்டம் நெரியும். ஆனாலும் இவர்கள் தொடக்க நிலையத்திலேயே ஏறுவார்கள், கூட்டம் சான் பியேத்ரோவில் இறங்கிவிடும், அதற்குப் பின் பெட்டி காலியாகும். எனவே ரயில் மோசமான முதல் வழி, ஆனால் நம்பத்தக்க இரண்டாவது வழி. நிலையத்தில் சக்கர நாற்காலிப் பயணிகளுக்கு உதவும் சாலா ப்ளூ என்ற பிரிவு இருக்கிறது. முன்கூட்டியே சொன்னால் ஏற்றி இறக்க ஆள் வருவார்கள்.

வெள்ளிக்கிழமை மாலையே சிவிதாவெக்கியா போய் அங்கே இரவு தங்குவது பாதுகாப்பான வழி. விடுமுறையும் வார இறுதியும் சேர்ந்ததால், லிஃப்ட் வசதியுடன் பக்கத்துப் பக்கத்து அறைகள் இரண்டு, தாங்கக்கூடிய வாடகையில், தேடியவரை கிடைக்கவில்லை. ரோம் விடுதியின் மூன்றாம் இரவு வாடகையும் திரும்பாது. குடும்பம் வேண்டாம் என்றது.

எஞ்சியது, சனிக்கிழமை அதிகாலையில், தெருக்கள் நிறையுமுன் நகரைவிட்டு வெளியேறுவது. இதில் இழப்பு ஒன்றுதான்: 9 மணிக்கே துறைமுக நகரம் போய்ச் சேர்ந்து, நண்பகல்வரை காத்திருக்க வேண்டும். இளைஞர்களுக்கு அது சிறு தொல்லை. மூட்டுவலியுள்ள ஒரு முதியவருக்குப் பெட்டிகளுடன் வெளியில் மூன்று மணி நேரம் என்பது சிறு தொல்லை அல்ல. அதற்கும் வழி செய்த பிறகே இந்தத் திட்டத்தை முன்வைக்க முடியும் என்று தோன்றியது.

தாயாரின் விருப்பம்

புதன்கிழமை மாலை விடுதியை அடைந்ததும் மகனிடம் தொலைபேசியில் பேசினேன். இத்தாலி நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால் இங்கே நள்ளிரவு நெருங்கியிருந்தது. வாகனத்தைப் பற்றிப் பேசுமுன் தாயார் சனிக்கிழமை எதை எதிர்பார்க்கிறார் என்று கேட்டேன். பயணத் திட்டத்தில் ஒருவருடைய ஆழ்ந்த விருப்பத்தைக் கணக்கில் எடுக்காமல் நேரத்தை மட்டும் மாற்றினால், அந்த நாள் காலையில் அவர் கிளம்ப மறுப்பார், அல்லது மனம் உடைந்து கிளம்புவார், இரண்டுமே கூடாது.

உடலைப் பார்வைக்கு வைத்திருப்பது புனித பேதுரு பெருங்கோவிலில், வெள்ளிக்கிழமை மாலை 7 மணிவரை என்று அறிவிக்கப்பட்டிருந்தது. வரிசை பல மணி நேரம் நீண்டது. சனிக்கிழமை சாலையோரத்தில் தொலைவிலிருந்து ஒரு கணம் பார்ப்பதைவிட வியாழக்கிழமை அருகில் சென்று அஞ்சலி செலுத்துவது மேல் என்று குடும்பம் முடிவெடுத்தது. தாயாரும் அதை ஏற்றார். வியாழன் காலை மகனும் மருமகளும் சக்கர நாற்காலியுடன் அவரை அழைத்துச் சென்றார்கள்; நீண்ட காத்திருப்புக்குப் பின் உள்ளே போய் வந்தார்கள். அந்த மூன்று நாள்களில் அப்படி அஞ்சலி செலுத்தியவர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். அன்று மாலை, விடுதிக்குப் பக்கத்திலேயே, மேரி மேஜர் பெருங்கோவிலின் புனிதக் கதவு வழியாகவும் அவர் சென்று வந்தார்.

இந்த முடிவை நான் இந்த நிகழ்வின் மையமாகக் கருதுகிறேன். அஞ்சலியும் புறப்பாடும் ஒரே நாளில் மோதிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிரித்து வெவ்வேறு நாளில் வைத்ததால்தான் சனிக்கிழமையைப் பயணத்துக்கு மட்டுமென ஒதுக்க முடிந்தது.

புதிய ஏற்பாடு

வியாழக்கிழமை காலை, விடுதி வரவேற்பாளரின் உதவியுடன் உள்ளூர் வாகன நிறுவனம் ஒன்றை நேரடியாகத் தொடர்புகொண்டோம். கட்டணம் 260 யூரோ, முந்தையதைவிட 75 கூடுதல். ஆனால் பேசியவர் முதல் கேள்வியாகக் கேட்டது எத்தனை பேர் என்பதல்ல, விடுதி எந்தத் தெருவில் என்பது. தெருப்பெயரைச் சொன்னவுடன், அங்கே சனிக்கிழமை வாசலுக்கு வண்டி வரும் என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம் என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே கூடுதல் கட்டணம் தகும் என்று நினைத்தேன்.

அவர் முன்வைத்த திட்டம் இது: தெர்மினி நிலையத்துக்கு வடகிழக்கே, காஸ்த்ரோ ப்ரெத்தோரியோ பகுதியில் ஒரு தெருமுனையில் வேன் காலை 7 மணிக்கு நிற்கும். அங்கிருந்து நகர மையத்தின் பக்கமே திரும்பாமல் கிழக்கே வெளியேறி, ரோமைச் சுற்றிவரும் வட்டச் சாலையில் வடக்கு வளைவாகப் போய், ஆவ்ரேலியா சாலை வழியாக ஏ12 நெடுஞ்சாலையைப் பிடிப்பது. தூரம் கூடும், ஆனால் வத்திக்கானுக்கும் ஊர்வலப் பாதைக்கும் அருகில் எங்கும் போகாது. ஊர்வலம் விக்டர் இம்மானுவேல் பெருஞ்சாலை, வெனிஸ் சதுக்கம், கொலோசியம், லபிகானா சாலை, மெருலானா சாலை வழியாக மேரி மேஜரை அடையும் என்று பின்னர் வெளிவந்த பாதையோடு ஒப்பிட்டபோது, இந்தத் தேர்வு சரி என்று உறுதியானது. விடுதியிலிருந்து அந்தத் தெருமுனைக்குப் போக ஊர்வலப் பாதையை ஓரிடத்திலும் கடக்க வேண்டியதில்லை. கால்நடையாகப் போகிறவர்களைத் தடுப்புகள் வெகுநேரம் நிறுத்திவைக்கக்கூடும் என்பதால், தூரத்தைவிட இதுவே முக்கியமாக இருந்தது.

ஏற்றிக்கொள்ளும் இடத்தை எழுத்தில் தரும்படி கேட்டேன். அவர்களுக்கும் அது தேவைப்பட்டது. இத்தாலியில் ஓட்டுநருடன் கூடிய வாடகை வாகனங்கள் 1992ஆம் ஆண்டின் 21ஆம் எண் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. டாக்ஸி போலத் தெருவில் நின்று ஆள் ஏற்ற அவற்றுக்கு அனுமதி இல்லை, முன்பதிவு இருந்தாக வேண்டும், புறப்படும் இடமும் சேரும் இடமும் பணித்தாளில் இருக்க வேண்டும். சோதனை மிகுந்த அந்த நாளில், காகிதத்தில் விடுதி வாசல் என்றும் வண்டி வேறொரு தெருமுனையிலும் இருந்தால், ஓட்டுநர் காவலர்களிடம் விளக்கிக்கொண்டிருக்க நேரும்.

காத்திருப்புக்கான வழியையும் அவர்களே சொன்னார்கள். சிவிதாவெக்கியாவில் கடற்கரைச் சாலைக்கு அருகே ஒரு சிறு விடுதியில் காலை முதல் நண்பகல்வரை ஓர் அறை 60 யூரோவுக்குக் கிடைத்தது. நண்பகலில் அங்கிருந்து முனையத்துக்குப் போக அதே நிறுவனத்தின் வேறொரு வேன் வரும். அதற்கான கட்டணம் 260க்குள் அடங்கும்.

இவையெல்லாம் எழுத்தில் வந்த பிறகே, வியாழன் பிற்பகல், பழைய பதிவை ரத்து செய்தோம். தொகை முழுவதும் திரும்பியது. தெர்மினி நிலையத்தின் உதவிப் பிரிவிடம் காலை 8.30 மணிக்கு மேல் ஒரு ரயிலுக்கு உதவி தேவைப்படலாம் என்றும் பதிந்து வைத்தோம்.

ஏப்ரல் 25

வெள்ளிக்கிழமை விடுமுறை. நிறுவனத்தின் தொலைபேசி நண்பகல்வரை எடுக்கப்படவில்லை. எனக்கு அந்தச் சில மணி நேரம் கடினமாகவே கழிந்தது. மாலை 5 மணிக்கு ஓட்டுநரே வாட்ஸ்அப்பில் பேசினார். தெருமுனை ஓர் அடுத்த சந்திக்கு நகர்த்தப்பட்டது; வரைபடக் குறியும் அந்த இடத்தின் புகைப்படமும் அனுப்பினார். மகன் இரவு உணவுக்கு முன் அங்கே நடந்து போய், நடைபாதை எங்கே இறங்குகிறது, எந்த ஓரத்தில் சக்கர நாற்காலி எளிதாகப் போகும் என்று பார்த்து வந்தார். ரோமின் பழைய தெருக்களில் பாவியிருக்கும் சிறு கருங்கற்கள் சக்கர நாற்காலியின் முன்சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும்; இரண்டு தெருக்களைச் சுற்றிப் போனால் சமதளமான நடைபாதை கிடைக்கும் என்பதை அந்த நடையில்தான் கண்டுபிடித்தார்.

ஏப்ரல் 26

காலை 6.20க்கு விடுதியைவிட்டு இறங்கினார்கள். விடுதி ஊழியர் ஒருவர் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவர முந்தைய நாளே ஒப்புக்கொண்டிருந்தார். பெருங்கோவிலைச் சுற்றித் தடுப்புகள் நிறுத்தப்பட்டிருந்தன. வாகனங்கள் எதுவும் உள்ளே இல்லை. நடப்பவர்களுக்குத் தடை இருக்கவில்லை. 6.50க்குச் சந்தியை அடைந்தபோது வேன் நின்றிருந்தது. 7.05க்குக் கிளம்பி, வட்டச் சாலையில் தடையின்றிச் சென்று, 8.40க்குச் சிவிதாவெக்கியா சேர்ந்தார்கள்.

திருப்பலியின் நேரடி ஒளிபரப்பை அந்தச் சிறு விடுதியின் முன்னறையில், விடுதியை நடத்தும் குடும்பத்தோடு அமர்ந்து, தாயார் தொடக்கம் முதல் பார்த்தார். இத்தாலியமும் இலத்தீனும் அவருக்குத் தெரியாது. திருப்பலியின் ஒழுங்கு தெரியும். எந்த இடத்தில் எழுந்து நிற்க வேண்டும் என்று அந்த வீட்டுச் சிறுமிக்கு அவர்தான் சைகை காட்டினார் என்று மருமகள் எழுதியிருந்தார்.

12.15க்கு இரண்டாவது வேன் வந்தது. ஓட்டுநர் கப்பலின் பெயரைக் கேட்டு, அது எந்த முனையத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்பதை உறுதி செய்துகொண்டு புறப்பட்டார். இந்தத் துறைமுகம் பரந்தது. கப்பல் முனையங்கள் வெவ்வேறு துறைகளில் பரவியிருக்கின்றன, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சாமான்களுடன் நடக்க இயலாது. நாங்கள் ஜனவரியில் பெற்ற பழைய உறுதிச்சீட்டில் சிவிதாவெக்கியா துறைமுகம் என்று மட்டுமே இருந்தது. 12.35க்கு முனைய வாசல், 1.20க்குக் கப்பலில் அறை. கப்பல் குறித்தபடி மாலை 6 மணிக்குப் புறப்பட்டது.

அதே விடுதியில் இருந்த மற்றொரு பதிவு

இதே கப்பலில் இவர்களைச் சந்தித்த நடுவயதுத் தம்பதியர் அதே ரோம் விடுதியில் தங்கியிருந்தவர்கள் என்பது பின்னர் தெரிந்தது. அவர்கள் வேறொரு தளத்தில், விடுதி வாசலில் காலை 9.30க்கு வாகனம் பதிந்து, அதை மாற்றாமல் இருந்திருக்கிறார்கள். வாகனம் தடுப்புக்கு அப்பால் எங்கோ வந்து நின்றது. ஓட்டுநர் அனுப்பிய செய்தி, இணைய இணைப்பு இல்லாத அவர்களுடைய தொலைபேசிக்குச் சேரவில்லை. 15 நிமிடக் காத்திருப்பு முடிந்ததும், பயணி வரவில்லை என்று பதிந்துவிட்டு வாகனம் திரும்பிவிட்டது. அவர்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு தெர்மினிக்கு நடந்து, ரயில் பிடித்து, பிற்பகல் 3 மணிக்குப் பிறகு முனையம் சேர்ந்தார்கள். பணம் திரும்பவில்லை. வாகனம் உரிய நேரத்தில் வந்தது, பயணி வரவில்லை என்ற நிறுவனத்தின் நிலைப்பாட்டை அவர்களால் மறுக்க முடியவில்லை. ஏற்றிக்கொள்ளும் இடம் அடைய முடியாததாகிவிட்டால் அது யார் பொறுப்பு என்று அவர்களுடைய பதிவு நிபந்தனைகளில் ஒரு வரியும் இல்லை. உடல் வலுவுள்ள இருவர், கையில் இரண்டு பெட்டிகள் என்பதால் அவர்களால் சமாளிக்க முடிந்தது. சக்கர நாற்காலியும் பிள்ளைகளும் இருந்திருந்தால் அந்த நடை எப்படி முடிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே கவலையாக இருக்கிறது.

இனி மாற்றிக்கொள்பவை

திருத்தந்தையின் அடக்கம் அடிக்கடி நிகழ்வதல்ல. ஆனால் மாரத்தான், வேலைநிறுத்தம், அரசு விழா, சாலைப்பணி என்று ஒரு பெருநகரத் தெருவை வாகனத்துக்கு மூடும் காரணங்கள் பல. இந்த அனுபவம் அவற்றுக்கும் பொருந்தும்.

முதல் மாற்றம் பதிவின் முறையில். முதியவர் அல்லது நடக்க இயலாதவர் இருக்கும் குழுவுக்கு, யார் ஓட்டப்போகிறார் என்பது முந்தைய நாள்வரை தெரியாத இடைத்தளங்களை நான் இனிப் பயன்படுத்தப்போவதில்லை. கட்டண வேறுபாடு உண்மையானது, ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு 75 யூரோ சிறிய தொகை அல்ல. அதை முன்கூட்டியே சொல்லி, அந்தத் தொகையில் கிடைப்பது பேசி முடிவெடுக்கக்கூடிய ஒரு மனிதர் என்பதை விளக்க வேண்டும்.

உறுதிச்சீட்டில் இரண்டு ஏற்றும் இடங்கள் இருக்க வேண்டும் என்று இப்போது கேட்கிறேன்: விடுதி வாசல் ஒன்று, வாசல் அடைய முடியாதபோது ஓட்டுநர் நிற்கப்போகும் இடம் இன்னொன்று. இரண்டாவதைப் பயணிகளில் ஒருவர் முந்தைய நாளே நடந்து பார்த்துவிட வேண்டும். அந்தத் தம்பதியரின் அனுபவத்துக்குப் பின், உள்ளூர் சிம் அல்லது இ-சிம் இல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை.

முந்தைய இரவே துறைமுக நகருக்கு மாறிவிடுவதை, கப்பல் ஏறும் பயணங்களில் மாற்று வழியாக அல்லாமல் தொடக்கத் திட்டமாகவே முன்வைக்க விரும்புகிறேன். ஜனவரியில் தேடியிருந்தால் அறை கிடைத்திருக்கும். கடைசி இரவைச் சிவிதாவெக்கியாவில் வைத்தால் ரோமில் ஒரு மாலை குறையும். சில குடும்பங்கள் அதை விரும்பாமல் போகலாம், அது அவர்கள் உரிமை. ஆனால் தேர்வு அவர்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

திரும்பும் பயணத்துக்கும், மே 3 காலை துறைமுகத்திலிருந்து பியூமிச்சினோ விமான நிலையத்துக்கு, அதே உள்ளூர் நிறுவனமே அமர்த்தப்பட்டது. அந்த உறுதிச்சீட்டில் கப்பலின் பெயர், முனையத்தை முந்தைய மாலைக்குள் ஓட்டுநர் தெரிவிப்பார் என்ற வரி, இறங்குவதற்குத் தாமதமானால் ஒரு மணி நேரக் காத்திருப்பு, சக்கர நாற்காலி உண்டு என்ற குறிப்பு ஆகியவை தனித்தனி வரிகளாக இருந்தன. இறங்க 20 நிமிடம் தாமதமாயிற்று. கூடுதல் கட்டணம் கேட்கப்படவில்லை.